படகு உட்காரும் இடம்

எங்கள் பட்டறைக்குச் சோறு போட்டது கரும்பு டிரெய்லர். லிங்காரெட்டிபாளையத்துக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை ஓடிய காலத்தில், அரவைப் பருவம் தொடங்கிவிட்டால் காட்டேரிக்குப்பத்தில் எங்கள் வாசலில் டிராக்டர் நிற்காத நாளே இருக்காது. அச்சு வளைந்தது, கொக்கி தேய்ந்தது, அடிச் சேனலில் விரிசல் விழுந்தது என்று ஏதாவது ஒன்று வரும். கரும்போடு கொண்டுவந்து நிறுத்திவிட்டு, "மேஸ்திரி, ஆலைக்குப் போய்ச் சேரணும், சும்மா ஒரு பத்தவெச்சு அனுப்புங்க" என்பார்கள். என் மாமா மசியமாட்டார். பாரத்தை இறக்கினால்தான் கைவைப்பேன் என்பார். பாரத்தோடு வளைந்து நிற்கிற இரும்பைப் பத்தவைத்தால் அந்த வளைவையும் சேர்த்துப் பத்தவைத்ததாகிவிடும் என்பது அவர் கணக்கு.

அந்தப் பட்டறைக்குள் 2016 கோடையில் ஒரு படகு டிரெய்லர் வந்தது. வீராம்பட்டினத்து மீனவக் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் அண்ணன் கொண்டுவந்தார். பதினான்கு அடி நீள ஃபைபர் படகு, கழிமுகத்தில் வலை போடுவதற்கானது. அடியில் ஃபைபர் உரிந்திருந்ததைச் சரிபண்ணச் சேதராப்பட்டுப் பக்கம் வந்தவர், அங்கே யாரோ சொல்லி எங்களிடம் வந்திருந்தார். 2015 நவம்பர் மழையில் கடலூரும் புதுச்சேரியும் தண்ணீரில் கிடந்தது நினைவிருக்கும். அப்போது அவருடைய தெருவுக்குப் பின்னால் இருந்த தாழ்வான குடியிருப்பிலிருந்து படகு கேட்டு ஆள் வந்திருக்கிறார்கள். படகு தயார், மோட்டார் தயார், வண்டியும் தயார். டிரெய்லரில் மட்டும் படகு ஏறவில்லை. கைப்பிடியைச் சுற்றச் சுற்ற வின்ச் முனகியதே தவிர, கடைசி ஒரு கஜத்தில் படகு நகர மறுத்துவிட்டது. கடைசியில் ஆட்களைச் சேர்த்துத் தோளால் தூக்கி வைத்திருக்கிறார்கள். அதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் கம்மியது. அந்தத் தாமதத்தில் அங்கே ஒரு கிழவி நெஞ்சளவுத் தண்ணீரில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

"வின்ச் போச்சு மேஸ்திரி. வேற ஒண்ணு வாங்கியாரேன், மாட்டிக் குடுத்துடுங்க" என்றார்.

மாமா வின்ச்சைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டிரெய்லரை வண்டியிலிருந்து கழற்றச் சொன்னார். முன்சட்டத்தின் நுனியில், கொக்கி மாட்டும் இடத்தில், ஒற்றைக் கையைக் கொடுத்துத் தூக்கினார். படகோடு சேர்த்து அரை டன்னுக்கு மேல் கனமுள்ள வண்டி, ஒரு கையில் சுலபமாக எழும்பியது.

"ரோட்டுல போவசொல்லோ பின்னாடி ஆட்டுதா தம்பி?"

அவருக்கு ஆச்சரியம். "ஆமா மேஸ்திரி. வில்லியனூர் ரோட்டுல கொஞ்சம் வேகம் எடுத்தா வால ஆட்டுது. டயர்ல காத்து கம்மின்னு நெனச்சேன்."

கரும்பு டிரெய்லரில் வளர்ந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும் விஷயம். ஒற்றை அச்சு வண்டியில் பாரம் அச்சுக்குப் பின்னால் விழுந்துவிட்டால் கொக்கி மேலே தூக்கும். இழுக்கிற வண்டியின் பின்சக்கரத்துக்குப் பிடிப்புக் குறையும். டிரெய்லர் தன் போக்கில் ஊசலாடும். படகு டிரெய்லருக்கு மொத்த எடையில் 5 முதல் 10 சதவீதம் கொக்கியில் உட்கார வேண்டும். படகு, மோட்டார், எண்ணெய் டேங்க், நங்கூரம் எல்லாம் சேர்ந்து 350 கிலோ என்று வைத்துக்கொண்டோம். டிரெய்லர் 200. ஆக 550 கிலோ வண்டிக்குக் கொக்கியில் 28 முதல் 55 கிலோ வரை இருக்கலாம். பக்கத்தில் மல்லாட்டை (நிலக்கடலை) எடைபோடும் கடையிலிருந்து தராசு மெஷினை வாங்கிவந்து முன்சட்டத்தின் நுனியை அதன்மேல் வைத்தோம். முள் 10 கிலோவில் நின்றது.

காரணத்தைக் கண்டுபிடிக்க டிரெய்லரின் பின்பக்கம் போனதே போதுமானதாக இருந்தது. மோட்டார் மாட்டும் பின்பலகைக்கு அடியில் தாங்குகட்டை இல்லை. கட்டை ஓர் அடிக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. படகின் வால் காற்றில் தொங்கியது. அதாவது அந்த டிரெய்லர் வேறொரு சின்னப் படகுக்காகச் செய்தது. அதை விற்றவரும் சொல்லவில்லை, வாங்கியவரும் கேட்கவில்லை. முன்னால் வின்ச் கம்பம் பழைய படகுக்கு வைத்த இடத்திலேயே நின்றது. புதுப் படகு நீளம் என்பதால், அணியம், அதாவது படகின் மூக்கு, கம்பத்தில் முட்டியதும் மிச்ச நீளமெல்லாம் பின்னால் தள்ளப்பட்டுவிட்டது. ஐம்பது கிலோ மோட்டார் அந்தத் தொங்கலின் நுனியில். ஃபைபர் உரிந்ததற்கும் அதுதான் காரணம் என்று மாமா சொன்னார். கட்டையின் வெட்டுமுனை ஒரே இடத்தில் குத்திக் குத்தி அடித்தோலைத் தின்றிருந்தது.

நான் அன்று கற்றுக்கொண்டதில் முதன்மையானது இதுதான்: படகு எங்கே உட்கார வேண்டும் என்பதை முடிவுசெய்வது வின்ச் கம்பம். அதனால் கம்பத்தை முதலில் நட்டுவிட்டுப் படகை அதற்கு ஒத்துப்போகச் சொல்லக் கூடாது. படகை அதன் இடத்தில் உட்காரவைத்துவிட்டு, அணியம் வந்து நிற்கிற இடத்துக்குக் கம்பத்தைக் கொண்டுபோக வேண்டும். எளிமையாகத் தோன்றும்; ஆனால் பிறகு நான் பார்த்த படகு டிரெய்லர்களில் பாதிக்கு மேல் இது தலைகீழாகத்தான் இருந்தது. கடைக்காரர் கம்பத்தை ஓரிடத்தில் பொருத்தி அனுப்புகிறார், வாங்குகிறவர் அதைத் தொடக் கூடாத ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்.

எவ்வளவு முன்னால் தள்ளுவது? மாமா சாக்பீஸை எடுத்துத் தரையில் கணக்குப் போட்டார். கொக்கிக்கும் அச்சுக்கும் இடையே 3 மீட்டர். 350 கிலோவை ஓர் அடி, அதாவது 30 சென்டிமீட்டர், முன்னால் நகர்த்தினால் கொக்கியில் கூடுவது 350-இல் பத்தில் ஒன்று, 35 கிலோ. ஏற்கெனவே இருக்கும் பத்தோடு 45. வரம்புக்குள் வந்துவிடுகிறது. ஓர் அடி முன்னால் போனால் பின்பலகையும் சரியாகக் கட்டையின் மேல் வந்து உட்காரும். இரண்டு கணக்கும் ஒரே இடத்தில் சேர்ந்ததும் மாமா சாக்பீஸைக் கீழே போட்டார்.

ஆனால் அதுவரை வின்ச் ஏன் இழுக்கவில்லை என்ற கேள்விக்குப் பதில் வரவில்லையே என்று அந்த அண்ணன் பொறுமையிழந்து நின்றார். மாமா டிரெய்லருக்கு அடியில் குனிந்து, படகின் ஏரா, அதாவது அடிமுதுகு, ஏறி உருளும் ரப்பர் ரோலர்களைக் கையால் சுற்றிப் பார்த்தார். நடுவில் இருந்த ஒன்று சுற்றியது. மற்றவை சுற்றவில்லை. உப்பில் ஊசி துருப்பிடித்து ரோலரோடு ஒட்டிக்கொண்டு, ரப்பர் ஒரு பக்கமாகச் சப்பையாகத் தேய்ந்திருந்தது.

இங்கே இன்னொரு கணக்கு. கரைச் சரிவு ஆறடிக்கு ஓரடி ஏறுகிறது என்றால், 350 கிலோ படகை ஏற்ற வெறும் சரிவுக்காகவே 58 கிலோ இழுவை வேண்டும். ரோலர் நன்றாகச் சுற்றினால் உராய்வுக்கு இன்னும் ஒரு 35 கிலோ, மொத்தம் 93. ரோலர் இறுகிவிட்டால் ரப்பர்மேல் ஃபைபரை உரசி இழுக்க வேண்டும். எடையில் பாதியை உராய்வே கேட்கும். 58-ம் 175-ம் சேர்ந்து 233 கிலோ. வின்ச் அதேதான், படகும் அதேதான், சரிவும் அதேதான். வேலை மட்டும் இரண்டரை மடங்கு.

அப்படியானால் முழு நீளமும் கஷ்டப்பட்டிருக்க வேண்டுமே, கடைசி ஒரு கஜம் மட்டும் ஏன் அடம்பிடித்தது? இதற்கான விடைதான் எனக்கு இன்றும் மிகவும் பிடித்தது. வின்ச்சின் கைப்பிடி 24 சென்டிமீட்டர். கம்பி சுற்றும் உருளை வெறுமையாக இருக்கும்போது அதன் ஆரம் 3 சென்டிமீட்டர். பல்சக்கரம் ஒன்றுக்கு நாலு. இருபத்துநாலை மூன்றால் வகுத்து நாலால் பெருக்கினால் 32. கையில் ஒரு கிலோ அழுத்தினால் கம்பியில் 32 கிலோ. ஆனால் கம்பி உருளைமேல் அடுக்கடுக்காகச் சுற்றிக்கொண்டே வருகிறது. ஆரம் 5 சென்டிமீட்டர் ஆகும்போது 32 என்பது 19-ஆகச் சுருங்கிவிடும். படகு மேலே வரவர உருளை பருத்துக்கொண்டே போகும். வின்ச் பலவீனமாகிக்கொண்டே போகும். படகு முழுதும் தண்ணீரை விட்டு வெளியேறி, மிதப்பின் உதவியெல்லாம் போய், மொத்த எடையும் ரோலர்மேல் உட்காருகிற அந்தக் கடைசிக் கஜத்தில்தான் வின்ச் தன் பலத்தின் அடிமட்டத்தில் இருக்கும். டப்பாவில் அரை டன் என்று எழுதியிருப்பது முதல் சுற்றுக்கான கணக்கு.

அந்த அண்ணன் இதில் இன்னொன்றும் சேர்த்திருந்தார். முன்பு யாரோ கொடுத்த நீளமான ஸ்டீல் கம்பிவடத்தை வெட்ட மனமில்லாமல் முழுதாகச் சுற்றிவைத்திருந்தார். படகு தண்ணீரில் மிதக்கும்போதே உருளையில் பாதி அடைத்துக் கிடந்தது. 233 கிலோவை 19-ஆல் வகுத்தால் 12 கிலோ. கிரீஸ் காணாத பல்சக்கரம் அதில் பாதியை விழுங்க, கையில் 25 கிலோ தேவைப்பட்டிருக்கும். மழையில், வழுக்கும் மண்ணில் நின்றுகொண்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் 25 கிலோ. யாராக இருந்தாலும் கை விட்டுப்போகும்.

போதாக்குறைக்கு உயரமும் தப்பு. புதுப் படகின் அணியம் உயரம் அதிகம். கம்பி மாட்டும் வளையம் வின்ச்சுக்கு ஒரு முழம் மேலே இருந்தது. வின்ச் இழுக்கும்போதெல்லாம் படகை முன்னால் வரவழைப்பதோடு, மூக்கைப் பிடித்துக் கீழேயும் அழுத்திக்கொண்டிருந்தது. கடைசிக் கஜத்தில் முன் ரோலரில் ஏரா போய் இடித்து நின்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

வேலை எப்படி நடந்தது என்று எழுத உட்கார்ந்தால் கம்பத்தைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டியிருக்கும். முன்பு யாரோ அதை முன்சட்டத்தோடு நேராகப் பத்தவைத்திருந்தார்கள், சட்டத்தின் குறுக்கே ஒரு தையல்போல. அந்தத் தையலின் ஓரத்திலிருந்து முடியளவு விரிசல் கிளம்பிச் சட்டத்தின் பக்கச் சுவருக்குள் இறங்கியிருந்தது. சட்டத்தின் குறுக்கே பத்தவைப்பது எங்கள் பட்டறையில் பெரிய குற்றம். மேலும் கீழும் வளையும் ஒரு சட்டத்தில், அந்தக் குறுக்குக் கோட்டில்தான் முதலில் இரும்பு களைக்கும். கரும்பு டிரெய்லரில் இதே விரிசலை எத்தனையோ பார்த்திருக்கிறோம்.

அந்தச் சட்டம் துத்தநாகம் பூசியது. மாமா கிரைண்டர் பிடித்துப் பத்தவைக்கப் போகும் இடத்தையும் அதைச் சுற்றி நாலு விரலளவும் வெள்ளை போய் இரும்பு தெரியும்வரை சுரண்டச் சொன்னார். பிறகு ஃபேனைப் பக்கவாட்டில் வைத்துப் புகை எங்கள் முகத்துக்கு வராமல் தள்ளிவிடச் சொன்னார். துத்தநாகம் எரிந்தால் வெள்ளையாகப் புகை கிளம்பும். அதை இழுத்தவனுக்கு ராத்திரி குளிர்சுரம் வரும், உடம்பை முறித்துப் போடும். பட்டறைகளில் பால் குடித்தால் சரியாகிவிடும் என்று சொல்வார்கள். மாமா அதை நம்பவில்லை. புகையை இழுக்காமல் இருப்பதுதான் மருந்து என்பார். இளம் வயதில் பட்டறை வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லித்தருவதில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

விரிசலின் நுனியில் சின்னதாக ஓர் ஓட்டை போட்டு அது மேலே ஓடாமல் நிறுத்தினோம். விரிசலைச் சுரண்டி நிரப்பி, மேலே ஒரு பட்டையை வைத்தோம். பட்டையின் இரண்டு முனையையும் சாய்வாக வெட்டி, நீளவாக்கில் மட்டும் பத்தவைத்தோம். முனைகளில் குறுக்கே தொடவில்லை. கம்பத்தைத் திரும்பச் சட்டத்தில் ஒட்டவே இல்லை. 10 மில்லிமீட்டர் பிளேட்டில் ஓர் அடித்தட்டு செய்து, அதைச் சட்டத்தின்மேல் வைத்து யூ போல்ட் போட்டு இறுக்கினோம். நாளை படகு மாறினால், மோட்டார் மாறினால், போல்ட்டைத் தளர்த்திக் கம்பத்தை நகர்த்திக்கொள்ளலாம். கம்பத்தையும் ஒரு சதுரக் குழாய்க்குள் இன்னொரு சதுரக் குழாய் ஏறி இறங்கும்படி செய்து, ஓட்டைகள் போட்டு, உயரத்தைக் கூட்டிக் குறைக்க வழி வைத்தார் மாமா.

கம்பத்துக்கு இரண்டு பக்கமும் வேலை இருக்கிறது. வின்ச் இழுக்கும்போது அது படகை நோக்கிப் பின்னால் சாயப் பார்க்கும். ரோட்டில் சடன் பிரேக் போட்டால் 350 கிலோ படகு முன்னால் பாய்ந்து அதே கம்பத்தை முன்னால் தள்ளும். அதனால் முன்பக்கம் ஒரு சாய்வுக்கால் கொடுத்துச் சட்டத்தோடு சேர்த்தோம். அடித்தட்டையும் சட்டத்தின் நீளவாக்கில் நீட்டியே வெட்டியிருந்தோம்.

கம்பத்தில் படகின் மூக்கு வந்து முட்டி நிற்கும் முன்தாங்கிக்கு ஆலையில் கழித்துப்போட்ட கன்வேயர் பெல்ட் கைகொடுத்தது. கரும்புச் சக்கை ஓடித் தேய்ந்த பெல்ட், உள்ளே துணி அடுக்கு வைத்துத் தடிமனாக இருக்கும். பழைய தாங்கியின் ரப்பர் வெயிலில் கல்லாகி, அணியத்தின் மழமழப்பைச் சுரண்டி வெள்ளைத் தடம் போட்டிருந்தது. அதன் பிளவும் பழைய படகின் மூக்குக்கு வெட்டியது. புதுப் படகின் மூக்கு அகலம் என்பதால் இரண்டு விளிம்பில் மட்டும் பட்டு நின்றது. ஓர் அட்டைப்பெட்டியைக் கிழித்து அணியத்தில் வைத்து, அது முழுதும் ஒட்டும்வரை நான் கத்தரியால் நறுக்கிக்கொண்டே இருந்தேன். அந்த அட்டையின் கோணத்துக்கு ஆங்கிளை வளைத்து, இரண்டு கன்னத்திலும் பெல்ட்டைத் தட்டைத் தலைப் போல்ட்டால் பிடித்தோம். போல்ட் தலை பெல்ட்டுக்குள் அமுங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே மழைக்காலத்தில் ஃபைபரில் பள்ளம் விழும்.

தாங்கியின் உயரத்தில் மாமா காட்டிய கவனம் எனக்கு அப்போது புரியவில்லை. அணியத்து வளையம் தாங்கிக்குக் கீழே வந்து முட்ட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். இரண்டு விரல் இடைவெளி கூடினாலும் கழற்றி இறக்கச் சொன்னார். வளையம் தாங்கிக்குக் கீழே இருந்தால், ரோட்டுப் பள்ளத்தில் படகின் மூக்கு எம்பும்போது வளையம் தாங்கியில் தட்டி நின்றுவிடும். மேலே இருந்தால் தடுக்க எதுவும் இல்லை. மூக்கு துள்ளித் துள்ளி வின்ச் பட்டையைத் தளர்த்திவிடும். வின்ச்சின் உருளையும் வளையமும் நேர்கோட்டில் இருக்கும்படி கம்பத்தின் ஓட்டையைத் தேர்ந்தெடுத்தோம்.

எல்லாம் முடிந்தபிறகுதான் வின்ச்சுக்கு வந்தார். திறந்தால், ராட்செட் பல்லில் விழுந்து பிடிக்கும் நாக்கின் நுனி மழுங்கியிருந்தது, அதை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங் துருவில் தின்றுபோயிருந்தது. அந்த அண்ணன், நாக்கில் கொஞ்சம் பத்தவைத்துக் கூராக்கிக் கொடுங்கள், காசு மிச்சம் என்றார். மாமா கைகூப்பிக் கும்பிட்டார். அந்த இரும்பு பதம்போட்டது. பத்தவைத்தால் பதம் போய்விடும். நல்ல பாரத்தில் ஒருநாள் வழுக்கும். வழுக்கினால் கைப்பிடி ஃபேன் வேகத்தில் பின்னோக்கிச் சுழலும். அந்தச் சுழற்சியில் மணிக்கட்டு முறிந்தவர்கள் உண்டு, தாடை உடைந்தவர்கள் உண்டு. "கை போனா எந்தக் கடையில வாங்குவ தம்பி?" என்று கேட்டார். புது வின்ச் வந்தது. கைப்பிடியை விட்டாலும் பாரம் நின்ற இடத்தில் நிற்கிற பிரேக் வைத்த வகையாகப் பார்த்து வாங்கிவரச் சொல்லியிருந்தார். ஸ்டீல் கம்பிவடத்துக்குப் பதில் இரண்டு அங்குல அகல பாலியஸ்டர் பட்டை போட்டோம். பழைய வடத்தில் அறுந்த இழைகள் முள்முள்ளாக நின்று அந்த அண்ணனின் உள்ளங்கை முழுக்கத் தழும்பு வைத்திருந்தன. பட்டையை வேண்டிய நீளத்துக்கு வெட்டி, படகு தண்ணீரில் மிதக்கும்போதும் உருளையில் மூன்று சுற்று மிச்சம் இருக்கும்படி விட்டோம். அந்த மூன்று சுற்றின் பிடிப்பில்தான் பட்டை நிற்கிறது. முழுதாக அவிழ்த்துவிட்டால் நுனியை மாட்டிய ஒற்றைப் போல்ட்டுக்கு மொத்தப் பாரமும் போய்விடும்.

கடைசியாக ஒரு துண்டுச் சங்கிலி. அணியத்து வளையத்திலிருந்து கம்பத்துக்கு. வின்ச் படகை ஏற்றுவதற்கு மட்டும்தான். ரோட்டில் படகைப் பிடித்துக்கொள்வது சங்கிலியும் பின்னால் போடும் கட்டுப்பட்டையும் என்று மாமா ஒன்றுக்கு இரண்டு முறை சொல்லி அனுப்பினார்.

சோதித்துப் பார்க்க நானும் கூடப் போனேன். செஞ்சி மலைப் பக்கம் பிறந்து, எங்கள் மண்ணாடிப்பட்டு கொம்யூன் வழியாக வில்லியனூரைத் தாண்டிவரும் சங்கராபரணி, கடலுக்குப் போகுமுன் அரியாங்குப்பம் ஆறாகவும் சுண்ணாம்பாறாகவும் பிரிகிறது. செம்மண் மேட்டில் வளர்ந்த எனக்கு அந்தக் கழிமுகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் ஆற்றை அதன் வீட்டில் போய்ப் பார்த்த மாதிரி இருக்கும். அங்கே ஒரு சரிவில் டிரெய்லரை இறக்கினோம். அந்த அண்ணன் தன் மகனிடம் கைப்பிடியைக் கொடுத்தார். பள்ளிக்கூடம் படிக்கிற பையன். சரிசெய்த ரோலர்கள் சலசலவென்று சுற்ற, படகு ஒரே சீராக ஏறிவந்து பெல்ட்டில் தொப்பென்று முட்டி நின்றது. கடைசிக் கஜத்தில் பையன் மூச்சுகூட வாங்கவில்லை. அண்ணன் குனிந்து, வளையம் தாங்கிக்குக் கீழே பதிந்திருப்பதை விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

கரையில் நின்ற பெரியவர் ஒருவர், தங்கள் காலத்தில் கட்டுமரத்தைப் பிரித்துத் தோளில் சுமந்த கதையைச் சொன்னார். சோழமண்டலக் கரையில் படகைத் தண்ணீரிலிருந்து மேலே ஏற்றுவதென்பது எப்போதுமே பெரும்பாடு. துறைமுகம் இல்லாத மணல் கரை, வருஷம் முழுக்க உடைகிற அலை. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 1979-இல் சென்னையை இருப்பிடமாக வைத்துத் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், கரையில் ஏறி இறங்கும் படகுகளை வடிவமைத்ததோடு, அவற்றை மணலில் இழுத்து ஏற்றும் கருவிகளையும் 1980-களில் ஆராய்ந்து அறிக்கை போட்டது. படகைச் செய்வதோடு வேலை முடியவில்லை, அதைக் கரையேற்றுவதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும் என்று அந்தப் பொறியாளர்களுக்குத் தெரிந்திருந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரை முழுக்க ஃபைபர் படகுகள் பெருகின. பல ஊர்களில் டிராக்டர் வந்து படகை மணலில் இழுத்துப்போகிறது. ஆனால் ரோட்டில் ஏற்றி இன்னோர் ஊருக்குக் கொண்டுபோகும் சின்னப் படகுக்கு, அந்த டிரெய்லரைப் பற்றி யோசிக்க ஆள் குறைவு. படகுக்கும் மோட்டாருக்கும் கணக்குப் பார்த்து வாங்குகிறவர்கள், டிரெய்லரைப் பழைய இரும்பு விலைக்குத் தேடுகிறார்கள். மழைக்காலத்துக்கென்று படகு வாங்கி வைத்திருக்கும் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் நான் முதலில் ரோலரைத்தான் சுற்றிப் பார்க்கிறேன்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியது. கரையேறியதும் நகராமல் அங்கேயே நின்று கொட்டித் தீர்த்தது. ஒரே நாளில் புதுச்சேரியில் 48 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. நகரத்துக்குள் கிருஷ்ணா நகரில் வீடுகளுக்குள் சிக்கியவர்களை ராணுவம் வந்து படகில் மீட்டது. அடுத்த நாட்களில் வீடூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து சங்கராபரணி இரு கரையும் புரண்டு ஓடியது. எங்கள் பக்கத்து வயலெல்லாம் ஏரியாகிவிட்டது. அந்த நாட்களில் வீராம்பட்டினத்து அண்ணனின் டிரெய்லர் ஓயாமல் ஓடியிருக்கிறது. ஒரு தெருவில் இறக்கி, ஆட்களை ஏற்றி, திரும்ப டிரெய்லரில் படகை ஏற்றி, அடுத்த தெருவுக்கு. அந்தப் பையன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். வின்ச் முழுக்க அவன் பொறுப்பாக இருந்திருக்கிறது.

டிசம்பரில் டிரெய்லர் திரும்ப எங்கள் வாசலுக்கு வந்தது. ஆலை நின்று வருஷங்கள் ஆகின்றன. பட்டறையை இப்போது நான் பார்க்கிறேன். மாமா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார், கண் சரியில்லை. கம்பமும் தாங்கியும் வைத்த இடத்தில் அப்படியே இருந்தன. யூ போல்ட் நட்டுகளில் ஒன்றுகூடத் தளரவில்லை. பெல்ட்டில் படகின் மூக்கு பதிந்து பளபளவென்று ஒரு தடம். வந்த காரணம் வேறு. இடது சக்கரம் கரகரவென்று சத்தம் போட்டது.

"என்னடா மாப்ள, ஹப்பு சுடுதா?" என்று மாமா நாற்காலியிலிருந்தே கேட்டார். மூடியைக் கழற்றினேன். கிரீஸ் பாலாடை மாதிரி வெளுத்துக் கிடந்தது. ரோட்டில் ஓடிச் சூடான ஹப்பை உடனே தண்ணீரில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும்; சுருங்கும்போது சீலின் இடுக்கு வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். வெளுத்த கிரீஸில் ஓடிய பேரிங் நீலம்பாய்ந்து புள்ளிபுள்ளியாகப் பொரிந்திருந்தது.

"இறக்கறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் நிறுத்தி ஆறவெக்கணும் தம்பி."

"தண்ணியில ஜனங்க நிக்கசொல்லோ எங்க மேஸ்திரி ஆறவெக்கிறது?"

மாமா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, நியாயம்தான் என்றார். அப்படியானால் ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் அந்த வாரத்திலேயே ஹப்பைத் திறந்து கிரீஸ் மாற்ற வேண்டும், சீல் மாற்ற வேண்டும், சத்தம் வரும்வரை காத்திருக்கக் கூடாது என்றார். வேலையைப் பையனே கற்றுக்கொள்ளட்டும் என்று அவனைக் கூப்பிட்டு என் பக்கத்தில் உட்காரவைத்தார். வானிலைச் செய்தியில் அடுத்த காற்றழுத்தத் தாழ்வைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வலது சக்கரம் சத்தம் போடவில்லையே என்று அந்த அண்ணன் சொல்லச் சொல்ல, மாமா அதையும் கழற்றச் சொல்லிவிட்டார். அதற்குள்ளும் கிரீஸ் வெளுக்க ஆரம்பித்திருந்தது.